பாட்டன் எங்கே பிறந்தான்?



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. "கடல் கடந்து போன குடும்பம் பட்ட கஷ்டத்தைப் பிள்ளைங்ககிட்டச் சொல்லாதீங்க. சோறு போடுற நேரத்துல சோகக் கதை எதுக்கு?"ன்னு கேட்டாங்க. கைதட்டல் பலமா விழுந்தது. நானும் தட்டினேன். சோறு போடும்போது சொல்லக் கூடாதுதான் நடுவர் அவர்களே. சொன்னாலும் யாருக்குக் கேட்கப் போகுது? அந்த நேரத்துல நம்ம வீட்டுல டி.வி.யில்ல ஓடிக்கிட்டிருக்கு! (சிரிப்பு)

ஆனால் அம்மா ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. சொன்னால்தான் பழசு பிள்ளையிடம் போகும், சொல்லாவிட்டால் நம்மோடு நின்றுவிடும் என்று நினைத்துப் பேசினார்கள். அப்படி நிற்காது. கதையாகப் போய்ச் சேராத பழசு, காகிதமாகப் போய்ச் சேரும். கடனாகப் போய்ச் சேரும். பட்டப் பெயராகப் போய்ச் சேரும். பிள்ளை வாங்கிக்கொள்ளத்தான் போகிறது. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கட்டுமே என்பதுதான் எங்கள் கட்சி.

உலகம் முழுக்கச் சுற்ற எனக்கு நேரமில்லை. நடுவர் கையில் மணி இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம்ம திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள். "கண்டிச்சீமைக்குப் போறோம்" என்று கிளம்பினார்களே, அவர்கள். இன்றைக்கு மலையகத் தமிழர் என்று சொல்கிறோம்.

எப்போது போனார்கள்? 1820களில் இலங்கையின் மலைநாட்டில் வெள்ளைக்காரன் காப்பித் தோட்டம் போட ஆரம்பித்த காலத்திலிருந்து போனார்கள். நம்ம கரையிலிருந்து தோணியில் மன்னாருக்கு. அங்கிருந்து மாத்தளைக்குச் சுமார் 150 மைல் நடை. காட்டுவழி. காலரா, மலைக்காய்ச்சல், குடிக்கத் தண்ணி கிடையாது. வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேரோ. காப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறிக்கும் காலத்துக்குப் போய்விட்டுப் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். அப்புறம் 1869இல் காப்பி இலையில் துருப் பிடித்த மாதிரி ஒரு நோய் வந்தது. கொஞ்ச வருஷத்தில் காப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர என்ற இடத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை உட்கார்ந்தது.

இதிலே குடும்பத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருஷம் பூராவும் கொழுந்து கிள்ள வேண்டும். கிள்ளுவதற்குப் பெண்பிள்ளைகள் வேண்டும். ஆகவே ஆம்பளை மட்டும் போய் வந்த இடத்துக்குக் குடும்பமே போய்க் குடியேறியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. வரிசையாக ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியது. லயம் என்று பெயர். அந்த அறையில் பிறந்தவன் பெரியவனாகி, அதே தோட்டத்தில் பேர் பதிந்தான்.

பேர் பதிவது என்றால் என்ன தெரியுமா? அங்கே ஒரு நாள் சம்பளத்துக்கே 'பேர்' என்று பெயர். காலையில் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணுவார்கள். முழு வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர், சினைப்பெயர் எல்லாம் நான் முப்பது வருஷமாக வகுப்பில் நடத்துகிறேன். அரைப் பேர் எந்த இலக்கணத்திலும் இல்லை ஐயா! தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிய இலக்கணம் அது.

இப்போது கடனுக்கு வருகிறேன். அவர்களை அழைத்துப் போனவர் யார்? வெள்ளைக்காரன் ஊர் ஊராக வந்தானா? இல்லை. நம்மவர்தான். கங்காணி. பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரரே. வழிச்செலவு, கம்பளி, ஊரிலே இருந்த பழைய கடன், எல்லாவற்றுக்கும் முன்பணம் கொடுப்பார். கொடுத்தது எல்லாம் தொழிலாளியின் கணக்கில் ஏறும். இந்தத் தோட்டம் பிடிக்கவில்லை, வேறு தோட்டம் போகிறேன் என்றால் போகலாம். ஆனால் ஒரு சீட்டு வேண்டும். இவனுடைய கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதித் தருவார். அதற்குப் பெயர் 'துண்டு'. புதுத் தோட்டத்துக்காரர் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கட்டியவர் சும்மா கட்டுவாரா? அது புதுக் கணக்கில் ஏறும்.

நம்ம ஊரில் இப்போது வீட்டுக் கடனை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றுகிறார்கள் அல்லவா, அது மாதிரி. இங்கே கடன் மாறுகிறது, வீடு அங்கேயே நிற்கிறது. அங்கே கடனோடு சேர்த்து ஆளும் மாறினான், பெண்டாட்டி பிள்ளையும் மாறினார்கள். 1921இல்தான் இந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

எதிரணித் தம்பி குறுக்கிடுகிறார். "1921லயே நின்னு போச்சுல்ல சார், அதை ஏன் பேரன்கிட்டச் சொல்லணும்?" நல்ல கேள்வி. கடன் நின்றது தம்பி. அந்தப் பாட்டனைப் பற்றிய அடுத்த கேள்வி 1948இல் வந்தது. அதைச் சட்டமே கேட்டது.

கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். என் வாதத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அந்த ஆண்டே ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். நவம்பர் 15 முதல் அமல். இந்தத் தீவிலே பிறந்திருக்கிறாயா, நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. உன் அப்பன் இங்கே பிறந்தவன் என்று காட்டு. அது முடியாதா? அப்படியானால் உன் பாட்டனும், பாட்டனுக்கு அப்பனும், இரண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு.

ஐயா, எனக்கு இன்று ஐம்பது வயசுக்கு மேல் ஆகிறது. முனைவர் பட்டம் வேறு வைத்திருக்கிறேன். என் கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டால் எனக்கே தெரியாது. சான்றிதழுக்கு எங்கே போவேன்? காட்டுவழியில் நடந்து வந்தவன், லயத்தில் பிறந்தவன், கைநாட்டுப் போட்டவன், அவனிடம் போய்க் கேட்டது சட்டம்: "பாட்டன் எங்கே பிறந்தான்?" அம்மா எங்கே பிறந்தாள் என்று கேட்டிருந்தாலாவது சிலர் தப்பியிருக்கலாம். முறைப்படி கல்யாணமான குடும்பத்தில் அம்மாவைச் சட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை. இதைத் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷம், 1949இல், இன்னொரு சட்டம். மனுப்போட்டால் குடியுரிமை தருகிறோம் என்றார்கள். கல்யாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ந்து குடியிருந்ததாக நிரூபிக்க வேண்டும். நடுவில் ஊருக்குப் போய் ஒரேயடியாக ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. கல்யாணத்துக்குப் போனாயோ, கருமாதிக்குப் போனாயோ, அம்மைபோட்டுப் படுத்தாயோ, அது யாருக்கு வேண்டும்? இரண்டு வருஷக் கெடு. மனுக்களில் அடங்கியவர்கள் 8 லட்சத்துக்கும் மேலே. 1960களின் தொடக்கத்தில் கணக்குப் பார்த்தபோது கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஓட்டுரிமையும் அந்த 1949லேயே போயிற்று. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் ஓட்டால் நாடாளுமன்றம் போனவர்களில் ஒருவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்து நாட்டுப்பாடல்களை லயம் லயமாகத் திரட்டியவர். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு 1952 தேர்தலில் ஓட்டே கிடையாது.

இந்தச் சட்டத்துக்குப் பிறகு பிறக்கிற குழந்தைக்கு? தகப்பன் குடிமகனாக இருந்தால்தான் குழந்தை குடிமகன். நாடில்லாத தகப்பனுக்குப் பிறந்தது நாடில்லாத பிள்ளை. அந்தப் பிள்ளைக்குப் பிறந்ததும் அப்படியே. சொத்தைத்தான் அப்பன் பிள்ளைக்கு எழுதிவைப்பான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஒன்றுமில்லாமையை எழுதிவைத்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோமா? (கைதட்டல்)

எதிரணி அம்மா சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு வளர்த்த தகப்பனுடைய பிள்ளைக்கும் இதே கதிதான். அவன் மௌனம் பிள்ளையைக் காப்பாற்றவில்லை.

அப்புறம் 1964 அக்டோபர் 30. நம்ம பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் அவங்க பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நாடில்லாதவர்கள் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்தார்கள். அடகுக்கடையில் தராசு வைத்துப் பங்குபோட்ட மாதிரி இருக்கிறது. நீங்கள் எங்கே போக ஆசைப்படுகிறீர்கள் என்று இந்த ஜனங்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசி முடித்த ஒப்பந்தம் இல்லை அது. இரண்டு அரசாங்கமும் பேசி முடித்த பிறகு மனுப்போடச் சொன்னார்கள். அண்ணன் இந்தியாவுக்கு மனுப்போட்டான், தம்பி இலங்கைக்குப் போட்டான். கட்டிக்கொடுத்த பெண் ஒரு கரை, பெற்றவர்கள் ஒரு கரை.

முத்தையா முரளிதரன் எல்லாருக்கும் தெரியும். 800 டெஸ்ட் விக்கெட். 2010இல் எடுத்த அந்த எண்ணூறாவது விக்கெட்டும் நம்மகிட்டேதான் எடுத்தார், அது வேற வயித்தெரிச்சல். (சிரிப்பு) அவருடைய பாட்டனார் 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். பின்னாளில் பெண்மக்களோடு திருச்சிக்குத் திரும்பினார். முரளிதரனின் தகப்பனார் உட்பட ஆண்மக்கள் அங்கேயே தங்கினார்கள். கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார்கள். "பார்த்தீர்களா, பாட்டன் கதை பேரனை ஒன்றும் செய்யவில்லை" என்று எதிரணி எழுந்திருப்பார்கள். உட்காருங்க. நடுவில் ஒரு தலைமுறை தோட்டத்தை விட்டு வெளியே வந்து சொந்தத் தொழில் தொடங்க முடிந்தது. அது கிடைத்த குடும்பம் எத்தனை? ஆனாலும் பாருங்கள், அந்தக் குடும்பத்திலும் கடல் நடுவிலே புகுந்து இரண்டாகப் பிரித்துவிட்டது.

வந்தவர்கள் எப்படி வந்தார்கள்? மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ரயில். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், இருபது மைல் சொச்சம். ராமேஸ்வரம் பக்கத்திலே மண்டபம் முகாம். இந்த மண்டபம் முகாமைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். எனக்குத் தெரிந்த மட்டில் இதுமாதிரி இடம் தமிழ்நாட்டில் வேறு கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் கண்டிச்சீமைக்குப் போகிற கூலி ஆட்களைத் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க சில நாள் நிறுத்திவைத்து, ஊசி போட்டு அனுப்பிய முகாம் அது. நடத்தியது இலங்கை அரசாங்கம். பாட்டன் அங்கே தங்கித்தான் போனான். பேரன் திரும்பி வந்து இறங்கியதும் அதே மண்டபத்தில். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த இலங்கை அகதிகள் தங்கியதும் அங்கேதான். பாட்டன் இந்த வழியாகத்தான் போனான் என்று அந்தப் பேரனுக்கு யாராவது சொல்லியிருந்தால், அவன் முகாம் வாசலில் நிற்கும்போது ஏதோ அந்நிய நாட்டுக்கு வந்த மாதிரி முழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டான்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுரைப் பயிற்சி. 'நான் சென்ற பயணம்' என்று தலைப்புக் கொடுத்தேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: "மேட்டுப்பாளையம் வரை பஸ்சில் வந்து, அங்கிருந்து கோச்சியில் ஏறினோம்." வகுப்பே சிரித்தது. "கொச்சின்ல எப்படிடா ஏறுவே?" என்று ஒருத்தன் கேட்டான். பையனுக்கு முகம் சுருங்கிப் போச்சு.

நான் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, எந்த ஊரு?"

"கோத்தகிரிப் பக்கம்ங்க ஐயா."

"கோச்சின்னா?"

"ரயிலுங்க ஐயா. எங்க அப்பாயி அப்படித்தான் சொல்லும். அதான் வாயில வந்திருச்சு."

"அப்பாயிக்கு எந்த ஊரு?"

"தெரியாதுங்க ஐயா. கப்பல்ல வந்தாங்களாம். அதுக்கு மேல கேட்டா அப்பா திட்டும்."

அப்புறம் அவனாகவே ஒன்று சொன்னான். அப்பாயி எங்கே வேணும்னாலும் வரும், ஆனால் ரயிலடிக்கு மட்டும் வராது. பேரன் கல்லூரிக்குப் புறப்பட்டு வந்தபோதுகூட வழியனுப்ப வரவில்லை. வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. அப்பாயிக்குத் தன்மேல் பிரியம் குறைவு என்று அந்தப் பையன் நினைத்துக்கொண்டிருந்தான்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு கடமை இருக்கிறது. கோச்சி என்பது இலங்கைத் தமிழில் ரயிலுக்குப் பெயர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றி வந்ததே ஒரு ரயில், அதற்கு அந்த ஜனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போகிறவர்களும் அழுதார்கள், நிற்கிறவர்களும் அழுதார்கள். சாவு வீட்டில் வைக்கிற ஒப்பாரியை உயிரோடு இருக்கிறவர்களுக்கு வைத்தார்கள். இதை நான் சொன்னேன். பையன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த விடுமுறைக்குப் போய் அப்பாயியிடம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அந்தம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய குடும்ப அட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறது. இங்கே வருகிறவர்களுக்கு இந்தியத் தூதரகம் கொடுத்தது. கூடப் பிறந்த தங்கச்சி அங்கேயே நின்றுவிட்டதாம். ரயிலடியில் பார்த்ததுதான் கடைசி. அப்பாயி அவனிடம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்ததாம். அவன் அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கே பாதிக்கு மேல் புதுச் செய்தி.

சரி, அந்த அப்பா ஏன் திட்டினார்? எதிரணிக்காக நானே வாதாடுகிறேன், நடுவர் எனக்குக் கூடுதலாக ஒரு நிமிஷம் தர வேண்டும். அவர் மறைத்ததில் நியாயம் இருக்கிறது. அங்கே இருந்தவரைக்கும் 'தோட்டக்காட்டான்' என்றார்கள். சொந்த மொழி பேசுகிறவர்களே சொன்னார்கள். இங்கே வந்தால் 'சிலோன்காரன்'. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன், இவன் எந்த ஊர்க்காரன் என்று ராமேஸ்வரத்துக் கடலைத்தான் கேட்க வேண்டும். 1991க்குப் பிறகு சிலோன் என்ற சொல்லைச் சொன்னாலே சந்தேகமாகப் பார்த்த காலமும் ஒன்று இருந்தது. ஒப்பந்தப்படி இந்தியக் குடிமகனாக வந்தவர் வேறு, போருக்குத் தப்பி அகதியாக வந்தவர் வேறு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிம்மதியாகப் படிக்கட்டும் என்று ஊரையே அழித்துவிட்டார் அந்த மனுஷன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை வாயிலிருந்து 'கோச்சி' வந்துவிட்டதே, அதற்கு அவர் என்ன செய்ய முடியும் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

வந்தவர்களுக்கு அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர், ஆனால் வந்தவர்களில் பலர் அந்தத் தாயகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். 1968இல் நீலகிரியில் அவர்களுக்காக அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ நிறுவனம். கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் காடு திருத்தித் தேயிலை நட்டார்கள். 1969இல் கூட்டுறவு வங்கி ஒன்று தொடங்கினார்கள். சென்னையில் 'ரெப்கோ வங்கி' என்று பலகை பார்த்திருப்பீர்கள். வீட்டுக் கடனுக்குப் போயிருப்பீர்கள். ரெப்கோ என்றால் என்ன? அந்த ஆங்கிலச் சுருக்கத்தை விரித்தால் தாயகம் திரும்பியோர் கூட்டுறவு என்று வரும். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் வைத்தது. ஒரு வரலாறே சில எழுத்துக்குள்ளே ஒளிந்துகொண்டு டெபாசிட்டுக்கு வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறது! நாம் வட்டியை மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம்.

உதவி எல்லாருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை. சமவெளியில் கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். கொழுந்து கிள்ளத்தான் தெரிந்த கைக்குத் தராசு பிடிக்கத் தெரியவில்லை. இடைத்தரகன் தின்றது போக மிச்சம் வந்தது. நிறையப் பேர் பழகிய குளிரைத் தேடி மறுபடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினார்கள்.

இங்கேதான் எனக்கு மனசு கேட்காத இடம். தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை இருக்கிறவரைக்கும் வீடு. இலங்கையிலும் அப்படித்தான், இங்கே டான்டீயிலும் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்யும் பிரச்சினை இருக்கிறது. அப்பனுக்கு அறுபது வயசு நெருங்குகிறது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், மேலே படிக்க ஆசை. ஆனால் வீட்டில் யாராவது ஒருத்தர் தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் கூரை நிற்கும். யார் பதிவது? அந்தப் பையனிடம் பாட்டன் கதையைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பாட்டன் வாங்கிய லயத்து அறை அவன் படிப்பைப் பிடித்து இழுக்கிறது. சாதிச் சான்றிதழ் வாங்கப் போனாலும் அதே கதை. பாட்டன் ஊர் எது, அங்கே சொந்தக்காரர் யார், ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். அட்டையில் ஒரு மாதிரி பெயர், பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி பெயர். நூறு வருஷத்துக்கு முன்னால் துறையூரிலிருந்தோ முசிறியிலிருந்தோ கிளம்பிப் போனவனின் கிராமத்துப் பெயரை அப்பாயியிடம் கேட்டு எழுதிவைத்த குடும்பத்துக்கு அந்த மேஜை முன்னால் சொல்வதற்கு ஒரு வார்த்தையாவது இருக்கும். மறைத்த குடும்பத்துக்கு?

ஆகவே தாய்மார்களே, வீட்டில் பெரியவர் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். சோகத்தைக் கேட்க வேண்டாம். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்த வருஷம் கப்பல், கிளம்பிய ஊரில் குலதெய்வம் எது, இதைக் கேளுங்கள். குலதெய்வத்தைப் பிடித்தால் ஊரைப் பிடித்துவிடலாம், இது பலருக்குப் பலித்திருக்கிறது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படியுங்கள். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்று ஒரு நாவல் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுங்கள். சொல்கிறேன் என்று ஆரம்பித்து, "நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டோம், நீ என்னடான்னா அறுபது மார்க் வாங்கியிருக்கே" என்று பிள்ளை தலையில் குட்டுவதற்கு அந்தக் கதையை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைத்தான் எதிரணி அம்மா பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

அங்கே நின்றுவிட்டவர்களைச் சொல்லாமல் விட்டால் அந்த அப்பாயியின் தங்கச்சி என்னை மன்னிக்காது. 1988இல் ஒரு சட்டம், பிறகு 2003இல் ஒரு சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக இருந்து வருகிற இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் குடியுரிமை என்று 2003இல் எழுதினார்கள். ஒப்பந்தம் போட்ட அதே தேதிதான். 1948இல் பறித்ததை முழுசாகத் திருப்பிக் கொடுக்க 55 வருஷம். அதற்குள் மூன்று தலைமுறை.

2023இல் அந்த மக்கள் தங்கள் முன்னோர் வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூர்ந்தார்கள். எப்படித் தெரியுமா? பந்தல் போட்டு மாலை மரியாதையோடு முடித்துவிடவில்லை. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். கொள்ளுப்பாட்டன் நடந்த அதே திசையில், ஜூலை கடைசியில் கிளம்பி ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார்கள். அதிலே நடந்தவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், சின்னஞ்சிறு பிள்ளைகள் இருந்தார்கள், லயத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்கள் இருந்தார்கள். வழிநெடுகக் கிராமத்து மக்கள் தண்ணீர் கொடுத்தார்கள், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கொடுத்தார்கள்...

மணி அடிச்சிட்டீங்களா ஐயா? கூடுதலா ஒரு நிமிஷம் கேட்டிருந்தேனே, அதைக் கழிச்சிட்டு அடிச்சீங்களா, சேர்த்து அடிச்சீங்களா? (சிரிப்பு) சரி, உட்கார்ந்துடறேன்.